வினாத்தாளோடு கடைமடை வரை

திங்கள் – கல்லணை

தை மாதக் கடைசி. மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடிவிட்டதால் வெண்ணாற்று மதகுக்குக் கீழே மணல் தெரிகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் இங்கே வந்து சேர மூன்று நாலு நாள் ஆகும். இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்துக்குப் போகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிட்டு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு என மறுபடியும் கிளைக்கிறது. இந்த வாரம் நாங்கள் போவதும் அதே வழிதான்: தண்ணீர் முதலில் வரும் தலைமடையில் தொடங்கி, கடைசியாகப் போய்ச் சேரும் வேதாரண்யம் கடைமடை வரை. கையில் இருப்பது குடும்ப வருமானம், செலவு, கடன் பற்றிய வினாத்தாள். ஊரக வறுமையைப் படிக்க வரும் மாணவர்களுக்கு உதவட்டும் என்று அன்றன்றைய குறிப்புகளை எழுதிப் போடுகிறோம்.

முதல் சிக்கல் ‘கடந்த ஓராண்டு’ என்ற சொல். எந்த ஆண்டு? அரசு நிதியாண்டான ஏப்ரல்–மார்ச்சை எடுத்தால் கோடைப் பருத்தி உடைந்துபோகும்: விதை, உழவு, களைக்கூலி எல்லாம் மார்ச்சுக்குள் விழும், பஞ்சு விற்ற பணம் மே, ஜூனில் வரும். செலவு ஓர் ஆண்டில், வரவு அடுத்த ஆண்டில். உளுந்துக்கும் இதே கதி. பசலி ஆண்டு, அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, இங்கே பொருந்தும். 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ஆம் பசலி. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலும் பசலிக் கணக்கில்தான் இருக்கிறது என்பதால் சரிபார்ப்பதும் எளிது. குறுவை நாற்றங்கால் செலவு மட்டும் முந்திய ஜூனில் நழுவிவிடும். அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது ‘கடந்த 30 நாள்’. தேசிய மாதிரி ஆய்வில் கெட்டுப்போகும் பொருள்களுக்கு 7 நாள், அரிசி பருப்பு போன்றவற்றுக்கு 30 நாள், துணி, படிப்பு, பாத்திரம் வகையறாவுக்கு 365 நாள் என்று கேட்கும் முறை உண்டு. 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வில் கேள்விகளை மூன்றாகப் பிரித்து, மூன்று முறை போய்க் கேட்டார்கள். தை கடைசியில் ஒரு வீட்டில் 30 நாள் செலவைக் கேட்டால் அதற்குள் பொங்கல் வந்துவிடும். கரும்பு, வெல்லம், மகள் வீட்டுச் சீர், கறி எடுத்த கரிநாள் எல்லாம் அதில் ஏறும். சம்பா அறுப்புக் கூலியும் அப்போதுதான் கையில் இருக்கும். அதே வீட்டில் ஐப்பசி அடைமழையில் கேட்டால் வேறொரு குடும்பத்தின் கணக்கைப் போல இருக்கும். நடவு முடிந்து அறுப்பு தொடங்கும் வரை வயலில் வேலை கிடையாது. உளுந்து எடுத்த பிறகு, சித்திரையிலிருந்து ஆற்றில் தண்ணீர் வரும் வரை இன்னொரு வறண்ட காலம். ஆண்டுக்கு இருமுறை, மாசியில் ஒருதரம், ஐப்பசியில் ஒருதரம் அதே வீடுகளுக்குப் போவதுதான் முறை. ஒருமுறைதான் முடியும் என்றால் ஐப்பசியைத் தேர்ந்தெடுங்கள். சேறு, மழை, வண்டி போகாத பாதை என்று சிரமம்தான். ஆனால் மாசியில் மட்டும் எடுத்த கணக்கு டெல்டாவைச் செழிப்பாகக் காட்டிவிடும்.

செவ்வாய் – தஞ்சாவூர்

தஞ்சைக்கு ஆராய்ச்சியாளர்கள் வருவது புதிதல்ல. 1951-52-ல் மானுடவியலாளர் கேத்லீன் கஃப் இங்கே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்து அதற்குக் கும்பப்பேட்டை என்று பெயர் வைத்தார். 1976-ல் திரும்பவும் வந்து பார்த்தார். 1961-62-ல் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் ‘ஸ்ரீபுரம்’ என்ற ஊரைப் படித்தார். இரண்டும் புனைபெயர், வரைபடத்தில் தேடாதீர்கள். 1960-ல் விளைச்சலைப் பெருக்க வந்த தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்வான மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அதனால் பழைய புள்ளிவிவரத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் எல்லாம் நிலம் யார் கையில் இருக்கிறது என்ற தகவலுக்குத்தான்.

அளவையிலிருந்து தொடங்குவோம். வினாத்தாளில் ஹெக்டேர் என்று இருக்கும், ஊரில் யாரும் அதில் பேச மாட்டார்கள். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. அது 14,400 சதுர அடி, ஏறத்தாழ 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கருக்கு ஒரு சென்ட் குறைவு. 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். சொன்னதைச் சொன்னபடி மாவில் எழுதிக்கொண்டு, இரவில் கணினியில் மாற்றுவதே நல்லது. வயல் வரப்பில் நின்றுகொண்டு மனக்கணக்காக ஹெக்டேருக்கு மாற்றியவர்களின் தாளில் பத்துக்கு இரண்டு தப்பாகவே இருக்கும்.

“உங்களுக்கு எவ்வளவு நிலம் இருக்கு?” என்று கேட்பது வீண். “சொந்தமா ஒண்ணும் இல்ல தம்பி” என்று பதில் வரும். தாளில் ‘நிலமற்றவர்’ என்று விழும். அவரே ஆறு மா குத்தகைக்குச் செய்துகொண்டிருப்பார். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: “இந்தச் சம்பாவுக்கு எத்தனை மா நட்டீங்க?” அது தெரிந்த பிறகு, “அதுல சொந்தம் எது, குத்தகை எது, கோயில் நிலம் எது?” அதற்கும் பிறகு, “குத்தகை நெல்லா அளக்குறீங்களா, பணமா கட்டுறீங்களா?” வாரம் என்றால் மகசூலில் பங்கு, குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால், மழையில் பயிர் அழிந்த ஆண்டில் யார் தலையில் நட்டம் விழுந்தது என்பது மறைந்துபோகும்.

சட்டம் நிறையவே இருக்கிறது. 1952-ல் தஞ்சாவூருக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1955-ல் மாநிலம் முழுமைக்குமான குத்தகைதாரர் பாதுகாப்பு. 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம். 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். நில உச்சவரம்பு 1961-ல் 30 தரநிலை ஏக்கராக (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) இருந்து, 1970-ல் 15 ஆகக் குறைந்தது. பழைய குத்தகைதாரர்கள் பலர் இவற்றால் நிலத்தில் நிலைத்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் பதிவு செய்தால் வெளியேற்ற முடியாது என்பதாலேயே புதிய குத்தகைகள் வாய்ப்பேச்சாகிவிட்டன. எழுத்து இல்லாவிட்டால் அடங்கலில் பெயர் ஏறாது. அடங்கலில் பெயர் இல்லாவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் மூன்றுக்கும் வழி அடைபடும். நிவாரணப் பட்டியலில் நிலக்காரர் பெயர் இருக்கும். வயலில் நின்றவர் வேறு ஆளாக இருப்பார். எங்கள் வினாத்தாளில் இதற்காகவே ஒரு கேள்வி: “அடங்கல் யார் பேர்ல வாங்குனீங்க?” வினாத்தாளில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால் நாங்கள் இதைத்தான் வைப்போம்.

புதன் – நீடாமங்கலம், மன்னார்குடி

சாலை நெடுக நெல் காய்கிறது. அறுவடை இயந்திரம் இரவெல்லாம் ஓடுகிறது. காலையில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவியல் குவியலாக நெல், மேலே தார்ப்பாய்.

2025 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். வருமானக் கணக்கு போடுகிறவர் செய்யும் முதல் தவறு இங்கேதான். விவசாயி “ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்டுச்சு” என்பார். ஊர்ப்பேச்சில் மூட்டை 60 கிலோ. கொள்முதல் நிலையத்துச் சாக்கில் பிடிப்பது 40 கிலோ. முப்பது மூட்டை என்றால் 18 குவிண்டால், சன்ன ரகத்துக்கு 45,810 ரூபாய். நிலையத்தின் சாக்கு என்று நினைத்து 40 கிலோவால் பெருக்கினால் 12 குவிண்டால், 30,540 ரூபாய். ஒரே ஏக்கரில் 15,270 ரூபாய் காணாமல் போகிறது. ஒரு குடும்பத்தை வறுமைக் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ள இது போதும். எனவே “மூட்டைன்னா எத்தனை கிலோண்ணே?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டே ஆக வேண்டும். கலக்கணக்கு சொல்கிறவர்களும் இன்னும் உண்டு: 12 மரக்கால் ஒரு கலம். கோயில் குத்தகை பல இடங்களில் கலத்தில்தான் பேசப்படுகிறது. அதைக் கிலோவாக்கும்போது அந்த ஊர் மரக்காலில் நெல்லை அளந்து, எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கும்.

அடுத்தது ஈரப்பதம். வரம்பு 17 சதவீதம். பனியில் அறுத்த நெல் 20, 21 என்று காட்டும். 20 சதவீத ஈரம் உள்ள 100 கிலோ நெல்லை 17-க்குக் காயவைத்தால் கிடைப்பது 96.4 கிலோ, 80-ஐ 83-ஆல் வகுத்தால் வரும் கணக்கு. எடை குறைவது ஒரு பக்கம். காயவைக்கும் நாள்கள், காவல், தார்ப்பாய் வாடகை, திடீர் மழையில் முளைத்துப்போவது இன்னொரு பக்கம். இந்தக் காத்திருப்பைப் பணமாக்கிச் செலவில் எழுத வேண்டும். பெரும்பாலான வினாத்தாளில் அதற்குக் கட்டமே கிடையாது. களத்திலேயே வியாபாரிக்குக் குறைந்த விலைக்குப் போட்டவரை ‘விவரம் தெரியாதவர்’ என்று எழுதிவிடாதீர்கள். கேட்டுப் பாருங்கள்: அடங்கல் அவர் பெயரில் இருக்காது, அல்லது உரம் வாங்கிய கடன் அதே வியாபாரியிடம் இருக்கும், அல்லது அறுப்பு இயந்திரத்துக்கு அன்றைக்கே பணம் கொடுக்க வேண்டியிருக்கும். அவரவர் நிலையில் கணக்கு சரியாகவே இருக்கிறது.

மகசூலை நேரில் அளக்க விரும்புகிறவர்களுக்குப் பயிர் அறுவடைச் சோதனை உண்டு. வயலில் குலுக்கல் முறையில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். 25 சதுர மீட்டர் என்பதால் ஹெக்டேருக்கு 400-ஆல், ஏக்கருக்கு 162-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கம் பெரிது, கயிற்றுக்கு வெளியே நிற்கும் ஒரு குத்தை உள்ளே இழுத்தாலும் மகசூல் ஏறிவிடும். வரப்போரப் பயிர் எப்போதும் செழித்திருக்கும். அங்கே கயிறு கட்டினால் ஊரே பணக்கார ஊராகிவிடும்.

வியாழன் – கீழ்வேளூர்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ‘இந்தியப் பொருளியல்’ பாடத்துக்கு முதல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்துச் சொந்த ஊர்களை ஆராயச் சொன்னார். அந்த ஊர்களில் ஒன்று இந்தப் பக்கத்துப் பாலக்குறிச்சி. 1936-37-ல் பொருளியலாளர்கள் தாமசும் ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 2019-ல் வேளாண் ஆய்வுகளுக்கான அறக்கட்டளை பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் சேர்த்து எடுத்தது. நூறாண்டுக்கு மேல் தொடர்ந்து கணக்கெடுக்கப்படும் ஊர் இந்தியாவில் அபூர்வம். வளர்ச்சிப் பொருளியல் படிப்பவர்கள் ஆப்பிரிக்கக் கிராம ஆய்வுகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, கீழ்வேளூர் எந்தத் திசை என்று கேட்பது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

வெண்மணி என்றதும் 1968 டிசம்பர் 25. கூலி உயர்வும் சங்கமும் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை விசாரித்த கணபதியா பிள்ளை ஆணையமும் 1969-ன் நியாயக் கூலிச் சட்டமும் அதற்குப் பின் வந்தவை. குடியிருந்த மனைக்கு உரிமை தரும் குடியிருப்புச் சட்டம் 1971-ல் வந்தது. பக்கத்துக் கூத்தூரிலிருந்து இயங்கிய, சர்வோதயத் தொண்டர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் லாஃப்டி அமைப்பு, நிலக்காரர்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பத்துப் பெண்கள் பெயரில் எழுதி வைத்தது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சாதியைக் கேட்காத வினாத்தாளோடு இந்தப் பக்கம் வந்தால் நிலக் கணக்கு பாதிதான் புரியும்.

இன்று வீட்டுப் பட்டியல் எடுக்கும் வேலை. ரேஷன் அட்டைப் பட்டியலை வாங்கி அதிலிருந்து மாதிரி எடுப்பது எளிது, தவறும் அதுவே. ஒரே அடுப்பில் சாப்பிடும் அண்ணன் தம்பி இரண்டு அட்டை வைத்திருப்பார்கள். தனிக்குடித்தனம் போன மருமகள் பெயர் மாமியார் அட்டையிலேயே இருக்கும். குடும்பம் என்றால் ஒரே உலை என்பதுதான் ஆய்வு விதி. “தனித்தனியா பொங்குறீங்களா, ஒண்ணாவா?” என்று கேட்டால் போதும். திருப்பூரிலோ வளைகுடாவிலோ ஆறு மாதத்துக்கு மேல் இருப்பவர் குடும்ப உறுப்பினர் ஆக மாட்டார். அவர் அனுப்பும் பணம் மட்டும் வருமானத்தில் சேரும்.

பட்டியலைத் தெருத்தெருவாக நடந்தே எடுக்க வேண்டும். வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தலித் காலனியைக் கடைசி நாளுக்கு ஒத்திவைத்தால், நேரம் போய் அரைகுறையாகவே முடியும். காலனியில் தொடங்கி ஊர்த்தெருவில் முடியுங்கள். மொத்தம் 320 குடும்பம், மாதிரி 40 என்று வைத்துக்கொண்டால் எட்டுக்கு ஒன்று. 1-லிருந்து 8 வரை சீட்டுப் போட்டு ஓர் எண்ணை எடுத்து, அதிலிருந்து எட்டெட்டாகத் தாவ வேண்டும். 3 வந்தால் 3, 11, 19, இப்படி. வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. சாயங்காலம் திரும்ப வர வேண்டும். பகலில் பூட்டியிருப்பது வேலைக்குப் போன வீடு, திறந்திருப்பது வேலை இல்லாத வீடு. மாற்றிப் போட்டால் ஊரில் எல்லாரும் வேலையற்றவர்களாகத் தெரிவார்கள். பெரிய நிலக்காரர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அவர்களிலும் சிலர் கும்பகோணத்திலோ சென்னையிலோ இருப்பார்கள். குலுக்கலில் அவர்கள் சிக்க மாட்டார்கள். தனிப் பட்டியல் போட்டு அத்தனை பேரையும் எடுத்தால்தான் நிலம் எங்கே குவிந்திருக்கிறது என்று தெரியும்.

வேலை நாள் கேள்வி எல்லாவற்றையும்விடக் கடினம். “போன வருஷம் எத்தனை நாள் வேலைக்குப் போனீங்க?” என்றால் “தினமும்தான் போறோம்” என்று ஒருவர், “வேலையே இல்ல” என்று இன்னொருவர். இரண்டும் அவர்களுக்கு உண்மை. வேலைவாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும்: நாற்றுப் பறி எத்தனை நாள், நடவு எத்தனை நாள், களை, உரம், அறுப்பு, உளுந்து பிடுங்கல், பருத்தி எடுப்பு, நூறு நாள் வேலை. ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், கூலி, கூலி கையில் கிடைத்த தேதி. நடவுக்கு ஆள்கூலி குறைந்து, குழுவாகப் பேசி ஏக்கருக்கு இவ்வளவு என்று வாங்குவது பரவிவிட்டது. எண்ணிக்கைக்காகச் சொன்னால், 6,000 ரூபாய்க்குப் பேசி 15 பேர் இறங்கினால் தலைக்கு 400. அதில் கூட்டிப்போகும் வேன் வாடகை போகும். ஒரே நாளில் இரண்டு வயல் முடித்தால் 800 ஆகும், ஆனால் அது பத்து மணி நேர வேலை. ‘நாள் கூலி 800’ என்று மட்டும் எழுதினால் கூலி ஏறிவிட்டது என்று கட்டுரை எழுதிவிடுவார்கள்.

களத்துமேட்டில் உட்கார்ந்திருந்த ஓர் ஆத்தா தன் கணக்கை விரலில் எண்ணிச் சொன்னார்: “நடவுக்கு ஒரு பதினஞ்சு நாளு, களைக்கு மருந்து அடிச்சிர்றாங்க, அறுப்புக்கு மிஷினு. மிஷினு இறங்காத மூலைய அறுக்கத்தான் எங்களக் கூப்புடுறாங்க.” களைக்கொல்லியும் அறுவடை இயந்திரமும் நேரடி விதைப்பும் சேர்ந்து பெண்களின் வேலை நாளைத் தின்றுவிட்டன என்று அந்த இரண்டு வாக்கியத்தில் புரிந்தது. நெல் மகசூல் ஏறியதும் அதே ஊரில் நெல் வேலை குறைந்ததும் ஒரே கதையின் இரண்டு பாதி. 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக் கூலி நாளுக்கு 336 ரூபாய். அளவெடுத்து வேலை குறைந்தால் அதுவும் குறையும். எனவே அரசு அறிவித்த தொகையை எழுதாமல் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்து எழுதுங்கள்.

வெள்ளி – கீழ்வேளூர், கடன்

“கடன் இருக்கா?” என்றால் இல்லை என்பார்கள். “நகை எங்க இருக்குக்கா?” என்று கேட்டால் கணக்கு தானாக வரும். சம்பா நடவுக்கு வைத்தது, தை அறுப்பில் திருப்பியது, பிள்ளை கல்லூரிக் கட்டணத்துக்கு அதே வாரம் மறுபடி வைத்தது. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்த நகையைப் புதுக்கடன் என்று எழுதாமல், முதலில் வைத்த தேதியை எழுத வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாண்டுக் கடன் மூன்று மாதக் கடனாகிவிடும்.

வட்டியை அவர்கள் சொல்லும் விதத்தில் எழுதிக்கொண்டு பிறகு மாற்றுங்கள். தண்டல்காரர் 10,000 ரூபாய்க் கடனில் 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்து, தினம் நூறாக நூறு நாள் வசூலிப்பார். “பத்து பர்சன்ட்தான்” என்பார்கள். நாளுக்கு நாள் அசல் குறைவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு 77 சதவீதத்தைத் தாண்டும். குழுக்கடனிலும் இதன் சிறு வடிவம் உண்டு: 12 சதவீதம் நிலைவட்டி என்று 10,000 ரூபாயை 12 மாதத் தவணையில் கட்டினால், மாதம் 933 ரூபாய்; உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல். 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு எல்லா நிறுவனத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தண்டலும் அடகுக்கடை நகையும் கடைக்கடனும் அந்தப் பாதிக்குள் வராது. ஆகவே கிழமை வாரியாகத் தவணை அட்டவணை போடுங்கள்: செவ்வாய் இந்தக் குழு, வியாழன் அந்தக் குழு, தினமும் தண்டல். ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் எடுப்பது அட்டவணையில்தான் தெரியும், தொகையில் தெரியாது.

பேராவூரணிப் பக்கம் போகிறவர்கள், பணம் திரட்ட வைக்கும் மொய்விருந்தையும் மறந்துவிடக் கூடாது. வாங்கிய மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், செய்த மொய் வர வேண்டிய வரவு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம்.

சனி – தலைஞாயிறு, வேதாரண்யம்

திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி ரயில் 2023 ஏப்ரலில் மீண்டும் ஓடத் தொடங்கியதால் வேதாரண்யம் போவது எளிதாகிவிட்டது. கடைமடையில் இரண்டு தொல்லையும் உண்டு: ஜூலையில் தண்ணீர் வராது, நவம்பரில் தண்ணீர் வடியாது. தலைஞாயிறு வட்டாரத்தில் சம்பா மூழ்குவது வடிகால் தூர்ந்துபோவதால். நிலத்தடி நீர் உப்பு என்பதால் தலைமடைக்காரரைப் போல ஆழ்துளைக் கிணற்றை வைத்துச் சமாளிக்க முடியாது. இலவச மின்சாரம் யாருக்குப் பயன்படுகிறது என்று எழுதுகிறவர்கள் இந்த வேற்றுமையைக் குறிக்க வேண்டும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இங்கேதான் கரையேறியது. சொத்துப் பட்டியலில் ‘தென்னை எத்தனை’ என்று கேட்காமல் ‘காய்க்கிற தென்னை எத்தனை’ என்று கேளுங்கள். மறுநடவு செய்த கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும். அதுவரை மரம் எண்ணிக்கையில் இருக்கும், வரவில் இருக்காது. மீனவர் வீடுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்பதையும், உப்பளத் தொழிலாளருக்கு மழை மாதங்களில் வேலை இல்லை என்பதையும் வைத்துக் கேள்விக் காலத்தை மாற்ற வேண்டும். நெல் ஊருக்குச் செய்த அட்டவணை கடற்கரையில் செல்லாது.

ஞாயிறு – நாகப்பட்டினம்

தாள்களைக் கணினியில் ஏற்றும் நாள்.

டெண்டுல்கர் குழுவின் முறையில் 2011-12-க்குத் தமிழ்நாட்டின் ஊரக வறுமைக் கோடு ஆளுக்கு மாதம் 880 ரூபாய். இன்றைய விலைக்கு ஏற்றினாலும் எங்கள் மாதிரியில் அதற்குக் கீழே விழும் வீடுகள் குறைவாகத்தான் இருக்கும். இது பொய்யல்ல. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் விலையில்லா அரிசி, 1982-லிருந்து விரிந்த சத்துணவு, 2023 ஆகஸ்டில் திருக்குவளை விழாவோடு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிந்த காலை உணவு, அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை. வயிற்றுப் பசியை இவை பெருமளவு விரட்டிவிட்டன. இலவசப் பொருளுக்கு மதிப்புப் போடுவதா வேண்டாமா என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்மானித்து இரண்டு வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். 2022-23-ல் அகில இந்திய ஊரகச் சராசரிச் செலவு ஆளுக்கு மாதம் 3,773 ரூபாய், இலவசப் பொருளுக்கு மதிப்புப் போட்டால் 3,860.

பன்முக வறுமைக் குறியீட்டின்படி 2015-16-ல் 4.76 சதவீத மக்கள் ஏழைகளாக இருந்த தமிழ்நாடு, 2019-21-ல் 2.20-க்கு இறங்கியது. அந்தக் குறியீடு எப்படி வேலை செய்கிறது என்பதை வியாழக்கிழமை எடுத்த ஒரு வீட்டை வைத்துப் பார்த்தோம். மொத்தம் 12 குறிகள். நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் மூன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு எடை. வாழ்க்கைத் தரத்தில் ஏழு குறிகள், ஒவ்வொன்றும் 21-ல் ஒரு பங்கு. அந்த வீட்டில் விறகு அடுப்பு, கூரை வீடு, கழிப்பறை இல்லை: மூன்றும் சேர்ந்து 14.3 சதவீதம். ஏழை என்று எண்ண 33.3 வேண்டும். டி.வி.யும் போனும் இருப்பதால் சொத்தில் குறை இல்லை. வங்கிக் கணக்கு இருக்கிறது, அதில்தான் தவணை பிடிக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். நிலம் இல்லை, மனைப்பட்டா இல்லை, வயலில் ஆண்டுக்கு நாற்பது நாள்கூட வேலை இல்லை, நாலு இடத்தில் கடன். இந்த நான்கில் ஒன்றுக்கும் பன்னிரண்டில் இடம் கிடையாது.

நுகர்வுச் செலவிலும் இதே கோளாறு. கடன் வாங்கி மகளுக்குச் சடங்கு செய்த வீடு அந்த ஆண்டு ‘வசதியான’ வீடாகிவிடும். தவணை கட்டுவது செலவுக் கணக்கில் சேராது. நாங்கள் போடும் மூன்றாவது வரிசை இதற்காகத்தான்: மொத்த மாதச் செலவிலிருந்து கடன் வாங்கிச் செய்த செலவைக் கழிக்க வேண்டும். மாத வருமானத்திலிருந்து தவணையைத் தனியாகக் கழித்து, இரண்டு மிச்சத்தையும் ஆள்களால் வகுக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணும் வறுமைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டும். மூன்று வரிசையில் ஒரே வீடு மூன்று இடத்தில் நின்றால் அதைத் திருத்த முயலாதீர்கள், அப்படியே அச்சிடுங்கள்.

கடைசியாக ஏற்றும்போது ஒரு கவனம். “இல்லை” என்று பதில் வந்தால் 0, கேட்காமல் விட்டிருந்தால் வெறுங்கட்டம், “தெரியாது” என்றால் 99. குத்தகைக் கட்டத்தில் 99 வரும் வீடுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றில் பாதிக்கு மேல் வாய்ப்பேச்சுக் குத்தகையாக இருக்கும். நிலக்காரரின் உறவினர் பக்கத்தில் நின்றபோது கேட்டிருப்பீர்கள். அந்த வீடுகளுக்கு ஐப்பசியில் மாலை நேரத்தில், தனியாகப் போக வேண்டும்.